வெட்டுப்பட்ட மூன்று பெயர்கள்: புரட்சித் தளபதிகளின் படங்களை வாசிக்கப் பழகுவோம்

கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகப் போகும் படச் சட்டக் கடையில் முருகனும் மாதாவும் புத்தரும் ஒரே சுவரில் தொங்குவார்கள். பக்கத்திலேயே, வீட்டுக்கு நல்லது என்று சனம் வாங்கிப்போகும் ஏழு வெள்ளைக் குதிரைப் படம். அந்தக் கடைக்கு நான் ஒற்றைக் குதிரைப் படம் ஒன்றைக் கொண்டுபோனேன். மலைச்சரிவில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. அதன் மேல், போர்வை காற்றில் பறக்க, ஒரு கையை உச்சியை நோக்கி நீட்டியபடி நெப்போலியன். ழாக் லூயி டாவிட் என்ற பிரெஞ்சு ஓவியர் 1801-இல் வரைந்தது. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது சட்டம் தயார். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் படத்தின் கீழ்ப்பக்கத்தில் நாலு விரற்கடை காணவில்லை.

“ரெடிமேட் சட்டத்துக்குக் கொஞ்சம் நீளமா இருந்திச்சு அண்ணே, வெட்டிட்டேன். கீழ ஒன்னுமில்ல, வெறும் கல்லுதானே.”

அந்தக் கல்லில்தான் விஷயமே இருந்தது. படத்தின் இடது கீழ் மூலையில், பாறையில் செதுக்கியது போல மூன்று பெயர்களை டாவிட் எழுதியிருக்கிறார். மேலே ‘பொனபார்ட்’. அதன் கீழே ‘ஹனிபல்’. அதற்கும் கீழே லத்தீனில் ‘கரோலஸ் மாக்னஸ்’, அதாவது சார்லமேன். மூவரும் படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தவர்கள். கார்தேஜ் தளபதி ஹனிபல் கி.மு. 218-இல் யானைகளோடு போனார், பிராங்கிய அரசர் சார்லமேன் 773-இல் போனார், நெப்போலியன் 1800 மே மாதத்தில். படம் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான். வரிசையை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது குதிரை ஏறிய ஒரு மனிதர். அதற்கு ஏழு குதிரைப் படத்தையே வாங்கியிருக்கலாம்.

கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. அவருக்குக் கல் கல்லாகத் தெரிந்தது. எனக்கும் பல வருடம் அப்படித்தான் தெரிந்தது. ஆகவே இது, கல்லைப் பார்த்ததும் ‘இது ஏன் இங்கே கிடக்கிறது’ என்று கேட்கப் பழகாதவர்களுக்கான ஆரம்பப் பாடம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டுப் படங்களைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. ஏன் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறியீடு என்ற சொல்லை இணையத் தமிழர்கள் பகிடியாக்கி வைத்திருக்கிறார்கள். சினிமாவில் நாயகன் நீலச் சட்டை போட்டால் குறியீடு, தேத்தண்ணி ஆறிப்போனால் குறியீடு. பகிடியில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் குறியீட்டை வாசிக்க நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் வேலும் பக்கத்தில் மயிலும் இருந்தால் முருகன். சங்கு சக்கரம் என்றால் பெருமாள். கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும் சைவக்காரரைக் கேட்டாலும், கையில் குழந்தை யேசுவோடு நிற்பவர் அந்தோனியார் என்று சொல்வார். முகத்தைப் பார்த்து யாரும் அடையாளம் காண்பதில்லை. கையில் இருப்பதும் காலடியில் இருப்பதும்தான் ஆள் யாரென்று சொல்கின்றன. பழைய தமிழில் போருக்கே பூ இருந்தது: ஆநிரை கவர வெட்சி, கோட்டையை வளைக்க உழிஞை, வென்றால் வாகை. இன்றைக்கும் தேர்தல் முடிந்த மறுநாள் பத்திரிகையில் யாரோ ‘வாகை சூடுகிறார்’. வாகைப் பூவைக் கண்ணால் கண்டிராதவர்களுக்கும் அது புரிகிறது. குறியீடு வேலை செய்வது இப்படித்தான். ஊரே சேர்ந்து ஒரு பொருளுக்கு ஓர் அர்த்தத்தை ஏற்றி வைத்திருக்கும். ஓவியர் அந்தப் பொருளை எடுத்து ஆளின் கையில் கொடுத்துவிடுவார்.

கடவுளுக்கும் புனிதருக்கும் இருந்த இதே ஏற்பாடு ஐரோப்பாவில் அரசர்களுக்கும் இருந்தது. அதை ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால், இயாசிந்த் ரிகோ 1701-இல் வரைந்த பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படத்தைத் தேடிப் பாருங்கள். பின்னால் பெரிய தூண்: ஆட்சி அசையாது. மேலிருந்து சரியும் சிவப்புத் திரைச்சீலை: இது சாதாரண இடமல்ல, திரை விலகினால்தான் நமக்குத் தரிசனம். உள்ளே வெண்மயிர் வைத்த, அரச வம்சத்தின் லில்லிப் பூ இழைத்த அங்கி. இடுப்பில் வாள். செங்கோலைத் தலைகீழாக ஊன்றி, கைத்தடிபோலப் பிடித்திருக்கிறார். அதிகாரம் அவ்வளவு பழகிப்போன பொருளாம். பக்கத்து ஆசனத்தில் கிரீடம் சும்மா கிடக்கிறது. தலையில் வைக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

சரி. இப்போது அரசனை விரட்டிவிட்டார்கள். விரட்டிய படையின் தளபதியைப் படமாக வரைய வேண்டும். எப்படி வரைவது?

புரட்சித் தளபதிகளின் படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சங்கடம் கிடக்கிறது. பெரிய மனிதரைப் பெரிய மனிதராகக் காட்ட ஓவியர்கள் கற்றிருந்த பாஷை ஒன்றே ஒன்று, அது அரசனின் பாஷை. தூணும் திரையும் குதிரையும் இல்லாமல் வரைந்தால் ஆள் சின்னவராகத் தெரிவார். இருந்தால், ‘இதற்கா இத்தனை பேர் செத்தார்கள்’ என்று கேள்வி வரும். எதை எடுத்தார், எதை விட்டார், எதற்குப் பதிலாக எதை வைத்தார் என்று பார்க்கத் தொடங்கினால் படம் தானாகப் பேசத் தொடங்கும்.

ஜோர்ஜ் வொஷிங்டனின் படம் ஒன்று இதற்கு நல்ல பயிற்சி. கில்பர்ட் ஸ்டுவர்ட் 1796-இல் வரைந்த ஆளுயரப் படம். லான்ஸ்டவுன் பிரபுவுக்குப் பரிசாகப் போனதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். அதை லூயியின் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் போனில் திறந்து வையுங்கள். தூண் இருக்கிறது. திரைச்சீலை இருக்கிறது. மேசை, கதிரை எல்லாம் இருக்கின்றன. கிரீடம் இருக்க வேண்டிய உயரத்தில் இறகுப் பேனாவும் மைக்கூடும் புத்தகங்களும். மேசைக்குக் கீழே சாய்த்து வைத்த தடித்த புத்தகங்களில் ஒன்று படைக்கான கட்டளைகள், ஒன்று அமெரிக்கப் புரட்சி, ஒன்று அரசியலமைப்பும் சட்டங்களும். லில்லிப் பூ அங்கி போய், கறுப்பு வெல்வெட் உடுப்பு வந்திருக்கிறது. அவர் தளபதியாக இருந்தவர், ஆனால் படத்தில் சீருடை இல்லை. வாள் இருக்கிறது, உறைக்குள், இடது கையில். வலது கை மட்டும் நீண்டிருக்கிறது, சபையில் பேசும் ஒருவரின் கை. வெளியே வானத்தில் மழை விட்டு ஒரு வானவில்.

அரச வீட்டைக் காலி செய்யாமல் தளபாடத்தை மட்டும் மாற்றிக் குடியேறியது போன்ற படம் இது. நிற்கும் நிலையே இரவல்தான். அதே ரிகோ ஒரு பிரெஞ்சு ஆயரை வரைந்த படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்து ஸ்டுவர்ட் எடுத்தது என்கிறார்கள். இந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. வெள்ளை மாளிகையில் இருக்கும் பிரதியில், புத்தக முதுகில் நாட்டின் பெயரே எழுத்துப்பிழையோடு இருக்கிறது, ஓர் எழுத்து விழுந்துபோயிருக்கிறது. 1814-இல் பிரித்தானியப் படை வொஷிங்டன் நகரத்துக்குத் தீ வைக்க வந்தபோது, அவசர அவசரமாகக் கழற்றிக் காப்பாற்றிய படம் அதுதான்.

டொலர் பஞ்சம் வந்த வருடத்தில் நாம் எல்லோரும் ஆசையாகப் பார்த்த ஒரு டொலர் நோட்டில் இருக்கும் முகமும் இதே ஸ்டுவர்ட் இதே வருடத்தில் வரைந்த இன்னொரு படத்திலிருந்து வந்தது. அந்த மூலப் படத்தை அவர் முடிக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பிரதி வரைந்து விற்றார். அந்தப் பிரதிகளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர் ‘என் நூறு டொலர் நோட்டு’.

வொஷிங்டனின் சிலை ஒன்று இதைவிட எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் 1785-இல் கடல் தாண்டி அவர் வீட்டுக்கே போய், முகத்தில் சாந்து பூசி அச்செடுத்துச் செய்த சிலை. வேர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் இருக்கிறது. இதில் சீருடை போட்டிருக்கிறார். ஆனால் வலது கையில் உலாவப் போகிறவரின் கைத்தடி. இடது கை சாய்ந்திருப்பது ஒரு கட்டுக் கழிகளின் மேல். எண்ணினால் பதின்மூன்று கழிகள், பதின்மூன்று மாநிலங்கள். ஒற்றைக் குச்சியை முறிக்கலாம், கட்டை முறிக்க முடியாது என்று கிழவர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை நமக்கும் தெரியும்தானே. ரோமர்கள் அந்தக் கட்டை அதிகாரத்தின் சின்னமாகவே தூக்கித் திரிந்தார்கள். வாளை அந்தக் கட்டில் மாட்டிவிட்டிருக்கிறார், வேலை முடிந்து வந்தவர் சட்டையை ஆணியில் மாட்டுவது போல. பின்னால் போய்ப் பார்த்தால் காலடியில் ஓர் ஏர். ரோமில் சின்சினாட்டஸ் என்று ஒருவர் இருந்தாராம். உழுதுகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நாட்டைக் காப்பாற்றச் சொன்னார்கள், காப்பாற்றினார், திரும்பிப் போய் மறுபடி ஏரைப் பிடித்தார். 1783 டிசம்பரில் வொஷிங்டன் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனது இந்தக் கதையோடு அப்படியே பொருந்தியது. அந்த ஏருக்குப் பின்னால் ஒரு மறைவான பக்கமும் உண்டு. வொஷிங்டனின் நிலத்தை உழுதவர்கள் அடிமைகள். சிலையில் அவர்களுக்கு இடமில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகினால், யார் இல்லை என்ற கேள்வியும் தொத்திக்கொண்டு வந்துவிடும்.

மீண்டும் குதிரைக்கு வருவோம்.

டாவிடின் படத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ். அவர் பூர்பன் வம்சம். பிரான்சில் புரட்சிக்காரர்கள் தலையை வெட்டிய பதினாறாம் லூயியும் அதே வம்சம், சொந்தக்காரர். லூயிக்கு மரண தண்டனை வேண்டும் என்று சபையில் வாக்குப் போட்டவர்களில் ஒருவர் இதே டாவிட். ஆக, தன் இனத்தானைக் கொல்ல வாக்களித்த ஓவியரிடம், தன் இனத்தானைக் கொன்ற குடியரசின் தளபதியை, தன் அரண்மனைச் சுவருக்கு வரைந்து தரச் சொல்லி ஓர் அரசர் கேட்கிறார். பயம் பக்தியாகும் விதம் இது. பக்தி பலிக்கவில்லை, 1808-இல் நெப்போலியன் அவரிடமிருந்து முடியைப் பறித்துக்கொண்டார்.

டாவிட் ஆளை எதிரே உட்கார வைத்து வரையவில்லை. நெப்போலியன் உட்கார மறுத்துவிட்டார். பெரிய மனிதர்களின் படம் அவர்களைப் போலவே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை என்ற மாதிரிச் சொல்லி, சீறும் குதிரையில் சாந்தமாக வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். ஓவியர் தன் மகனை ஏணியில் ஏற்றி உட்கார வைத்து உடல் நிலையைப் பார்த்துக்கொண்டார் என்று ஒரு கதை.

உண்மையில் நடந்தது வேறு. நெப்போலியன் ஆல்ப்ஸ் மலைக் கணவாயைக் கடந்தது ஒரு கோவேறு கழுதையின் மேல், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட நடக்க, படை முன்னால் போன பிறகு. அன்று புயலும் இல்லை. டாவிட் புயலை வரைந்தார். அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கவனியுங்கள். போர்வையும் பிடரி மயிரும் முன்பக்கம் பறக்கின்றன, அவர் கை காட்டும் திசைக்கே. காற்றும் இவர் கட்சி. பின்னணியில், குதிரையின் கால்களுக்குப் பின்னால், எறும்பு அளவில் சிப்பாய்கள் பீரங்கியை மேலே இழுக்கிறார்கள். மலையைக் கடந்தவர்கள் அவர்கள்தான். படத்தில் அவர்கள் அளவு அவ்வளவுதான்.

குதிரை ஏன்? ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் வெண்கலச் சிலையிலிருந்தே, குதிரை மேல் இருப்பவர் ஆள்பவர் என்று பாஷை வகுத்துவிட்டார்கள். குதிரை அடங்காத சனம், அல்லது நாடு, அல்லது விதி. கடிவாளத்தை ஒற்றைக் கையால் பிடித்து முகத்தில் பதற்றமில்லாமல் இருப்பவர் ஆளத் தகுந்தவர். புரட்சி என்ற சீறும் குதிரையை அடக்க ஓர் ஆள் வந்துவிட்டார் என்று 1801-இல் பாரிஸில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவைப்பட்டிருக்காது.

இங்கே ஒரு வாட்ஸ்அப் கதையைக் கழித்துவிட வேண்டும். சிலையில் குதிரை இரண்டு காலையும் தூக்கினால் வீரர் போரில் செத்தார், ஒரு காலைத் தூக்கினால் காயப்பட்டுச் செத்தார், நாலு காலும் தரையில் என்றால் படுக்கையில் செத்தார் என்று ஒன்று வருடாவருடம் சுற்றுகிறது. அப்படி ஒரு பொது விதி கிடையாது. டாவிட் இரண்டு காலைத் தூக்கவிட்டு வரைந்த நெப்போலியன், இருபது வருடம் கழித்து செயின்ட் ஹெலினா தீவில் கட்டிலில் செத்தார்.

பாறைக்கு மறுபடி வருகிறேன். என் படத்தில்தான் இல்லை, உங்களுடையதில் இருக்கும். சார்லமேன் பெயருக்குப் பின்னால் ‘இம்ப்’ என்று சுருக்கி எழுதியிருக்கிறது, பேரரசர் என்று பொருள். 1801-இல் நெப்போலியன் பேரரசர் அல்ல. குடியரசின் முதற் கொன்சல், அதாவது ஆட்சித் தலைவர், கோட்பாட்டளவில் ஒரு பிரஜை. அவர் தலையில் முடி ஏறியது 1804 டிசம்பரில். படம் வரைந்து மூன்று வருடம் கழித்து நடக்கப்போவதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓவியருக்கு ஞானதிருஷ்டி என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட படங்கள் நடந்ததைப் பதிவு செய்வதைவிட, நடக்க வேண்டியதற்குச் சனத்தின் கண்ணைப் பழக்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். கண் பழகிவிட்டால் முடி சூடுவது அதிர்ச்சியாகத் தெரியாது.

முடி சூடிய பிறகு வந்த படம் 1806-இல் ஆங்கர் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தது. அதில் ஒளிப்பு மறைப்பே இல்லை: சிம்மாசனம், செங்கோல், வெண்மயிர் அங்கி, பொன் வாகை மாலை, காலடிக் கம்பளத்தில் கழுகு. பார்க்கவே மூச்சு முட்டும். அந்தக் காலத்து விமர்சகர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

டாவிட் 1812-இல் வரைந்த அறைப் படம் அதைவிடப் பத்து மடங்கு சாமர்த்தியம். நெப்போலியன் வேலை அறையில் எழுந்து நிற்கிறார். பின்னாலுள்ள கடிகாரத்தில் மணி நாலு தாண்டிப் பதின்மூன்று நிமிடம். பகலா இரவா? மேசையில் மெழுகுதிரிகள் அடிவரை எரிந்திருக்கின்றன, ஆக விடியற்காலை. மேசையில் சுருட்டிய தாளில் சட்டக்கோவையின் பெயர் எட்டிப் பார்க்கிறது. நாட்டுக்குச் சட்டம் எழுத இரவு முழுக்க விழித்திருந்தாராம். காலுறை சுருங்கியிருக்கிறது, தலைமயிர் கலைந்திருக்கிறது. வாள் கதிரைக் கையில் சாத்தி வைத்திருக்கிறது, கைக்கு எட்டும் தூரத்தில். தரையில் ஒரு பெரிய புத்தகம், புளூட்டார்க் எழுதிய மாவீரர் வரலாறு. கிரீடம் எங்கும் இல்லை. பேரரசர் குமாஸ்தா வேடம் போட்டிருக்கிறார். அரசன் போல வரைந்தால் வெறுப்பு வரும், உழைப்பாளி போல வரைந்தால் பாவம் என்று தோன்றும். கோப்புக் குவியலுக்கு முன்னால் கையில் பேனாவோடு போஸ் கொடுக்கும் அமைச்சர்களின் படத்தை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

அந்தப் படத்தில்தான் கை சட்டைக்குள் போயிருக்கிறது. வயிற்று வலி, சொறி, கேஸ் என்று ஆளாளுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டில் கனவான்களை வரையும்போது எல்லோருக்கும் போட்ட நிலை. துணிவுள்ளவர், ஆனால் அடக்கமானவர் என்று பொருள். இங்கிலாந்தில் நெப்போலியன் பிறப்பதற்கு முன்பே அப்படி ஏகப்பட்ட கனவான்களை வரைந்து தள்ளிவிட்டார்கள்.

அந்த நெடிய குதிரைப் பொய்க்கு யாராவது பதில் சொன்னார்களா என்றால், சொன்னார்கள். ஐம்பது வருடம் போல் கழித்து பால் டெலரோஷ் என்ற ஓவியர் அதே கணவாயை வரைந்தார். கோவேறு கழுதை, வழிகாட்டி, சாம்பல் மேலங்கி, களைத்த முகம். எல்லாம் உள்ளபடி. ஆனால் அங்கேயும் ஒரு கை சட்டைக்குள் இருக்கிறது. முகத்தில் விதியைச் சுமக்கும் தனிமை. உண்மையை வரைகிறேன் என்று வந்தவரும் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்துதான் போட்டார்.

இதுவரை பார்த்த எல்லோருக்கும் இரவல் வாங்க ஓர் அரச பாஷையாவது இருந்தது. அடிமையாக இருந்து படைத்தலைவரானவருக்கு? டாவிடின் மாணவர் ஜிரோதே 1797-இல் வரைந்த ழான் பத்தீஸ்த் பெல்லேயின் படத்தைத் தேடிப் பாருங்கள். பெல்லே ஆபிரிக்காவில் பிறந்து, சிறுவனாக விற்கப்பட்டு, இன்று ஹெயிட்டி என்று அழைக்கப்படும் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர். தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கி, படையில் கப்டனாகி, 1793-இல் பாரிஸ் சபைக்கு உறுப்பினராகத் தெரிவானார். மறுவருடம் பெப்ரவரியில் பிரான்ஸ் அடிமைத்தனத்தை ஒழித்துச் சட்டம் போட்டபோது சபையில் இருந்தார்.

படத்தில் மூவர்ணப் பட்டி இடுப்பில், இறகு வைத்த தொப்பி. அவர் சாய்ந்து நிற்பது ஒரு வெள்ளைப் பளிங்குத் தலைச்சிலையின் பீடத்தில். அது ரெனால் என்ற பாதிரியார், அடிமைத்தனத்தைக் கண்டித்த புத்தகத்துக்குப் பேர்போனவர். இந்தச் சாய்தலை நான் பல தடவை பார்த்துவிட்டேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை. ‘வெள்ளைக்கார அறிஞரின் தயவில்தான் நிற்கிறாய்’ என்று படம் சொல்கிறதா? அல்லது, செத்த கல்லின் பக்கத்தில் உயிருள்ள இந்த மனிதரைப் பார், எழுதியவர் அவர், செய்து காட்டியவர் இவர் என்கிறதா? இரண்டும் சேர்ந்தே இருப்பதால்தான் அந்தப் படம் நல்ல படம் என்பது என் கட்சி. 1802-இல் நெப்போலியன் அடிமைத்தனத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பெல்லே கைதாகி 1805-இல் பிரான்சில் காவலில் இறந்தார்.

பெல்லேயின் கண்கள் நம்மைப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கு வெளியே, சற்று மேலே பார்க்கின்றன. இந்தப் பார்வை உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. காலி வீதியில் பத்து ஓட்டோ போனால் ஒன்றின் பின்கண்ணாடியிலாவது அது இருக்கும்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் ஒரு மாலை சிக்கலில் நின்றபோது அக்காவின் மகள் கேட்டாள்: “மாமா, இந்த சே குவேரா ஏன் எப்பவும் மேல பாக்கிறார்? சிக்னல் லைட்டையா?”

நல்ல கேள்வி. 1960 மார்ச் 4 அன்று ஹவானாத் துறைமுகத்தில் ஆயுதம் ஏற்றி வந்த லா கூப்ர் என்ற கப்பல் வெடித்தது. மறுநாள் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில், மேடையில் சில நொடிகள் தெரிந்த சேயை அல்பேர்ட்டோ கோர்டா என்ற கியூபப் புகைப்படக்காரர் படமெடுத்தார். மூலப் படத்தில் ஒரு பக்கத்தில் இன்னொருவரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் பனையோலை மாதிரி இலைகள். இரண்டையும் வெட்டினார்கள். இடமும் போயிற்று, நேரமும் போயிற்று, கூட நின்றவரும் போனார். மிஞ்சியது முகம், தொப்பியில் ஒற்றை நட்சத்திரம், தூரத்துப் பார்வை. நட்சத்திரம் உண்மையில் படையில் அவருடைய தரச் சின்னம். 1967-இல் சே கொல்லப்பட்ட பிறகுதான் படம் உலகம் சுற்றியது. அடுத்த வருடம் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற ஐரிஷ் ஓவியர் அதைச் சிவப்புக் கறுப்பாக்கினார், அதற்குப் பிறகு ஸ்டிக்கர் வெட்டுவது சுலபமாகிவிட்டது. எதிர்காலத்தைப் பார்க்கும் கண்கள் என்று நாம் வாசிப்பது செத்தவீட்டுப் பார்வை.

இலங்கையில் அதற்கு இன்னும் இரண்டு அடுக்கு. 1959-இல் சே இங்கே வந்து ஹொரணையில் ஒரு றப்பர்த் தோட்டத்தில் மஹோகனி மரம் நட்டுவிட்டுப் போனார். 1971 கிளர்ச்சியில் இறங்கிய இளைஞர்களை ஊர்ச்சனம் ‘சே குவேராக்காரர்’ என்றே அழைத்தது. இன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஓட்டோக்காரர் இதில் எதையும் நினைத்து ஒட்டுகிறாரா? நான் ஒருவரிடம் கேட்டேன். “ஸ்டைலா இருக்கு” என்றார். அவர் சொன்னதும் ஒரு வாசிப்புத்தான்.

குறியீட்டுப் பகிடிக்கு வருவதாகச் சொன்னேன் அல்லவா. எல்லாம் குறியீடு அல்ல. நாய் நாயாகவும் இருக்கலாம், நீலம் கடையில் கிடைத்த நீலமாகவும் இருக்கலாம். நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு: அந்தப் பொருள் அங்கே இருக்க நியாயம் இருக்கிறதா? விடிய நாலு மணிக்கு அறையில் மெழுகுதிரி இருக்கலாம், நியாயம். அடிவரை எரிந்த திரியையும் நேரம் தெரியும் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்தால் யாரோ யோசித்து வைத்தது. பனி மலைப் பாறையில் மூன்று பெயர் முளைக்காது. சிலையின் காலடிக்கு ஏர் தானாக வராது. இடத்துக்குப் பொருந்தாத பொருளில் தொடங்கினால் பெரும்பாலும் கை நழுவாது.

சட்டம் போட்ட படத்தை வீட்டில் மாட்டியபோது பக்கத்தில் என் அப்பாவின் பழைய ஸ்டூடியோப் படம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எடுத்தது, கறுப்பு வெள்ளை, வேட்டி சால்வையோடு ஆளுயரம். மருமகள் நெப்போலியனைப் பார்த்துவிட்டு அதன் முன்னால் அதிக நேரம் நின்றாள்.

“மாமா, அம்மப்பாவுக்குப் பின்னாலையும் தூண் இருக்கு. திரைச்சீலையும் இருக்கு.”

துணியில் தீட்டிய தூண்தான், மடிப்புக் கூடத் தெரிந்தது. ஒரு கை உயரமான சின்ன மேசையில். மற்றக் கையில் மணிக்கூடு தெரிய சால்வையை விலக்கி வைத்திருந்தார். மேசையில் பூச்சாடி, பக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று.

“அது என்ன புத்தகம்? அம்மப்பா நல்லா வாசிப்பாரோ?”

“அது ஸ்டூடியோக்காரற்ற புத்தகம் பிள்ளை. மணிக்கூடும் அவற்றதாத்தான் இருக்கும்.”